பழனி அடிவாரத்தில் தொலைந்த சாவி

சண்முக நதியில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டுக் கரையேறினேன். வேட்டியைப் பிழிந்து உதறிக் கட்டும்போதுதான் மடி வெறுமையாக இருப்பது உறைத்தது. கார் சாவியை மடியில் செருகிக்கொண்டே தண்ணீரில் இறங்கியிருந்தேன். அக்கா பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்தப் பழனிக்கு வந்திருந்த நாள் அது. நானும் மச்சானும் அரை மணி நேரம் காலால் துழாவினோம். கரையில் நின்ற இரண்டு பையன்கள் முங்கியும் பார்த்தார்கள். மணலும் யாரோ விட்டுப்போன பழைய துணியும்தான் கைக்கு வந்தன.

"ஏங்க, என் பர்ஸுல ஒரு சாவி இருக்கே" என்றாள் மனைவி. அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 200 ரூபாய் கொடுத்து வெட்டி வாங்கிய சாவி அது. கார் நான் வாங்கும்போதே பழையது, 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக். விற்றவர் ஒரே ஒரு சாவியைத்தான் கொடுத்தார். "இன்னொன்னு வீடு மாத்துனப்ப எங்கயோ போயிருச்சு, தேடித் தர்றேன்" என்றார். தரவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று வெட்டி வைத்ததுதான் மனைவியின் பர்ஸில் இருந்த சாவி.

கதவு திறந்தது. எல்லோருக்கும் உயிர் வந்தது. உட்கார்ந்து சாவியைத் திருகினேன். செல்ஃப் நன்றாகச் சுற்றியது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. மீட்டர் போர்டில் ஒரு சின்ன விளக்கு மினுக் மினுக் என்று எரிந்துகொண்டிருந்தது. மறுபடி திருகினேன். அதேதான். பேட்டரி இறங்கிவிடும் என்று மச்சான் கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினேன். குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வெயிலில் அழுதுகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் தொடங்கி அடுத்த ஒரு மாதம் வரைக்கும் கார் சாவியைப் பற்றி நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்பெனி சாவி வாங்கலாமா, வெளியில் போட்டுக்கொள்ளலாமா என்று யாராவது மாதம் ஒரு முறையாவது என்னிடம் கேட்கிறார்கள். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது.

நான் திண்டுக்கல்காரன். எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் மாமா நாகல் நகரில் நாற்பது வருடம் பூட்டு வேலை செய்தவர். மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று அவர் கையில் பிறந்தவை எத்தனையோ. அவருக்கு ஒரிஜினல் சாவி என்றால் ஒரே அர்த்தம்தான்: பூட்டைச் செய்த கையே ராவிய சாவி. லிவர்களை அடுக்கி, சாவியை உள்ளே விட்டு, எங்கே இடிக்கிறது என்று பார்த்து, அரத்தால் ஒரு இழுப்பு, மறுபடி விட்டுப் பார்த்து இன்னொரு இழுப்பு. பூட்டும் சாவியும் ஒன்றுக்கொன்று பழகியே வளர்கின்றன. அந்த மாதிரிப் பூட்டுக்கு வெளியே சாவி போட்டால் அது ஏதோ ஒரு வகையில் அந்நியன்தான். "கள்ளச்சாவி" என்ற சொல்லே அந்த உலகத்திலிருந்து வந்திருக்க வேண்டும். சாவி போர்ச்சுகீசியர் கொண்டுவந்த வார்த்தை, அதற்கு முன் நமக்குத் திறவுகோல். இரவல் வார்த்தையோடு கள்ளத்தைச் சேர்த்துக்கொண்டவர்கள் நாம். நம் வீட்டுக்கு நாமே காசு கொடுத்துச் செய்த இரண்டாவது சாவியைக்கூட அப்படித்தான் சொல்கிறோம்.

காரில் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடுகிறது. காரைச் செய்த கம்பெனி பெரும்பாலும் சாவியைச் செய்வதே இல்லை. பூட்டு, இக்னீஷன், சாவி எல்லாம் சேர்ந்த லாக் செட்டை மிண்டா போன்ற நிறுவனங்கள் செய்து கார் கம்பெனிகளுக்குக் கொடுக்கின்றன. சாவிக்குள் இருக்கும் சிப், நெதர்லாந்தின் என்எக்ஸ்பி, அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் போன்ற இடங்களிலிருந்து வருகிறது. கம்பெனி தன் முத்திரையைப் போட்டு, தன் பெட்டியில் அடைத்து, தன் பார்ட் நம்பரைக் கொடுக்கிறது. அதற்கு மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். தரப் பரிசோதனை, உத்தரவாதம், நாளைக்குக் கேள்வி கேட்க ஒரு கதவு, எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் என் மாமா சொல்லும் அர்த்தத்தில் அது ஒரிஜினல் இல்லை.

சாவியின் தலைக்குள் புளியங்கொட்டையைவிடச் சின்னதாக ஒரு கறுப்புத் துண்டு இருக்கும். சில கார்களில் அது கண்ணாடிக் குப்பி மாதிரி, சிலவற்றில் ரிமோட் பலகையிலேயே ஒட்டியிருக்கும். அதுதான் சிப். அதற்குப் பேட்டரி கிடையாது. இக்னீஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. நீங்கள் சாவியைத் திருகியதும் அந்தச் சுருள் ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது, பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில். அந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு விழிக்கிறது. சென்னை மெட்ரோவில் அட்டையைக் காட்டினால் கேட் திறக்கிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதி. கார் ஒரு எண்ணைக் கேள்வியாக அனுப்பும். சிப் தனக்குள் இருக்கும் ரகசிய எண்ணோடு அதைக் கலந்து பதில் அனுப்பும். பதில் சரியாக இருந்தால் மட்டும் இன்ஜின் கம்ப்யூட்டர் டீசலை விடும். தப்பாக இருந்தால், அல்லது பதிலே வராவிட்டால், செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை. இதற்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். என் 200 ரூபாய் சாவி வெறும் தகடு. அதனிடம் கார் கேள்வி கேட்டது, பதில் சொல்ல உள்ளே ஆள் இல்லை.

ஆக, ஒரு கார் சாவி என்பது மூன்று சாமான். பூட்டைத் திருப்பும் தகடு, இன்ஜினுக்கு அனுமதி வாங்கும் சிப், தூரத்திலிருந்து கதவைத் திறக்கும் ரிமோட். கம்பெனியா வெளியா என்ற கேள்வியை இந்த மூன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மொத்தமாகக் கேட்கிறவர்கள்தான் தேவையில்லாமல் பணத்தை விடுகிறார்கள், இல்லாவிட்டால் தேவையான இடத்தில் மிச்சம் பிடித்து மாட்டிக்கொள்கிறார்கள்.

பழனிக்குத் திரும்புவோம். மரத்தடியில் நின்றுகொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். சேஸிஸ் நம்பரை வைத்து ஆர்டர் போட்டு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ரிமோட்டோடு சாவி, புரோகிராமிங் எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். பதிவு செய்ய வண்டி அங்கே வந்தாக வேண்டும். ஏறக்குறைய 60 கிலோமீட்டர், லாரியில் ஏற்றி. "அதுவரைக்கும் வண்டி பழனியிலேயே நிற்கட்டுமா?" என்று கேட்டேன். அந்தப் பெண் பாவம், அவருக்குக் கொடுத்த பதில்களில் இதற்குப் பதில் இல்லை.

அடிவாரத்தில் ஒரு கார் ஏசி மெக்கானிக்தான் மதுரைக்காரர் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து சிப் சாவி போடுகிறவர். "எல்லாச் சாவியும் போயிருச்சா, இல்ல ஒண்ணு கையில இருக்கா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. சிப் சாவி ஒன்றுகூட இல்லை என்றேன். "அப்பன்னா 5,500 ஆகும் சார், வர்ற செலவும் சேர்த்து. ஒண்ணு கையில இருந்திருந்தா 2,500தான்." இந்த வித்தியாசத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது ஒரு வேலை. ஒன்றுமே இல்லாதபோது காரின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து புதிதாக அறிமுகம் செய்துவைப்பது வேறு வேலை. சில கார்களில் ரகசிய எண் வேண்டும், சிலவற்றில் கம்ப்யூட்டர் பெட்டியையே கழற்ற வேண்டியிருக்கும்.

குடும்பத்தை வேனில் அனுப்பிவிட்டு நான் மட்டும் காத்திருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தார், பைக்கில், முதுகில் ஒரு பெரிய பையோடு. வந்ததும் பையைத் திறக்கவில்லை. "ஆர்சி புக், ஆதார் ரெண்டும் காட்டுங்க சார்" என்றார். இரண்டிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார், போட்டோ எடுத்துக்கொண்டார், சேஸிஸ் நம்பரை வண்டியிலேயே குனிந்து சரிபார்த்தார், ஒரு நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். ஆர்சி இல்லாதவர்களுக்கு எவ்வளவு கெஞ்சினாலும் செய்வதில்லை என்றார். அந்த நிமிடத்தில்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. வெளியில் சாவி போடுவது பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: உங்கள் வண்டி உங்களுடையதுதானா என்று கேட்காதவரிடம் சாவி போடாதீர்கள். உங்களிடம் கேட்காதவர் நாளைக்கு உங்கள் வண்டிக்குச் சாவி கேட்டு வருகிறவனிடமும் கேட்க மாட்டார்.

முதலில் தகடு. என் 200 ரூபாய் சாவியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது தேஞ்ச சாவியப் பாத்து வெட்டுனது சார். கதவு திறந்ததே பெருசு." மிஷினில் ஒரு சாவியைப் பார்த்து இன்னொன்றை வெட்டும்போது அதன் தேய்மானமும் சேர்ந்து வருகிறது. பத்து வருடம் தேய்ந்த சாவியின் நகல், பிறக்கும்போதே பத்து வயசு. அதைப் பார்த்து இன்னொன்று வெட்டினால் இன்னும் மோசம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு வெட்டின் ஆழத்தையும் அளந்து, கம்பெனி வைத்திருக்கும் அளவுகளில் எது நெருங்கியது என்று கண்டுபிடித்து, அந்த அளவுக்கே புதிதாக வெட்டினார். கார் பேட்டரியில் ஓடும் சின்ன மிஷின் அது. புதிய தகடு பூட்டுக்குள் வெண்ணெயாகப் போனது. புதுக் கார் வாங்கும்போது சாவிக் கொத்தில் ஒரு சின்னத் தகட்டில் நம்பர் அடித்துத் தொங்கவிட்டிருப்பார்களே, அதுதான் இந்த வெட்டுகளின் குறியீடு. அது இருந்தால் அளக்கவே வேண்டாம். அந்தத் தகட்டைச் சாவியோடு தொங்கவிடாமல் கழற்றி பீரோவில் வையுங்கள்.

தகட்டைப் பொறுத்தவரை கம்பெனியா வெளியா என்பது பெரிய விஷயமே இல்லை என்பதுதான் என் கருத்து. வெட்டும் கையும் உலோகமும்தான் விஷயம். மலிவுத் தகடுகள் மென்மையான உலோகத்தில் வருகின்றன. இக்னீஷனுக்குள் முறிந்துவிட்டால் லாக் செட்டையே கழற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவு தனி. நிக்கல் பூசிய பித்தளையில் நல்ல கனமான பிளாங்க் (இன்னும் வெட்டாத வெற்றுத் தகடு) கேளுங்கள். 100 ரூபாய் அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

அப்புறம் சிப். ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கம்ப்யூட்டரோடு பேச வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒயரை மாட்டினார். இங்கேதான் அவர் எனக்கு ஒரு பாடமே நடத்தினார். வெளியில் சிப் சாவி இரண்டு வழியில் போடலாம். ஒன்று குளோன். கையில் இருக்கும் சாவியின் அடையாளத்தைப் படித்து, அதை அப்படியே ஒரு வெற்றுச் சிப்பில் எழுதுவது. காருக்கு இரண்டும் ஒரே ஆள். கார் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம், அதனால் மலிவு. இன்னொன்று பதிவு. புதுச் சிப்புக்குத் தனி அடையாளம், அதைக் கார் கம்ப்யூட்டரில் இன்னொரு சாவியாகச் சேர்ப்பது.

குளோன் கெட்டது என்று சொல்ல முடியாது. வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும் என்று போடுகிறவர்களுக்கு அது போதும். ஆனால் நாளைக்கு ஒரிஜினல் சாவி தொலைந்தால், தொலைந்ததை மட்டும் காரின் நினைவிலிருந்து நீக்க முடியாது, ஏனென்றால் குளோனும் அதே பெயரில்தான் உள்ளே போகிறது. அதே மாதிரி, சர்வீஸ் சென்டரில் புதுச் சாவி போடும்போது பழையவற்றை அழித்துவிட்டு மறுபடி பதிந்தால் குளோன் ஒருநாள் திடீரென்று வேலை செய்யாது. காரணம் தெரியாமல் மக்கள் சாவிக்காரரைத் திட்டுவார்கள். எது போட்டுத் தருகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பதிவுச் சாவியே நல்லது.

"தொலைஞ்சதை அழிச்சிரவா சார்?" என்று கேட்டார். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. சாவி ஆற்றில்தானே போனது என்றேன். "நீங்க ஆத்துலன்னு நினைக்கிறீங்க. படியில விழுந்து யாராவது எடுத்திருந்தா?" புதுச் சாவியைச் சேர்ப்பதால் மட்டும் பழைய சாவி செத்துவிடுவதில்லை. கேட்டுத்தான் அழிக்க வேண்டும். அழித்தார். எனக்கு விற்றவரிடம் எங்கோ கிடக்கும் அந்த இரண்டாவது சாவியும் அதோடு போனது. பழைய கார் வாங்குகிற எல்லோரும் முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடலாம் என்று இப்போது நினைக்கிறேன். முன்னால் வைத்திருந்தவர், அவருடைய டிரைவர், புரோக்கர், யார் கையில் என்ன இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அழித்த பிறகும் பழைய சாவியின் தகடு கதவைத் திறக்கும். வண்டியை ஓட்ட முடியாது, அவ்வளவுதான். உள்ளே மடிக்கணினியை வைத்துவிட்டுப் போனால் அது போகும். கதவும் திறக்கக் கூடாது என்றால் லாக் செட்டை மாற்றுவது ஒன்றுதான் வழி.

ஆறரை மணிக்கு இன்ஜின் பிடித்தது.

மறுநாள் மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தகட்டை விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் இருந்த பிசிறை அரத்தால் இரண்டு இழுப்பில் எடுத்தார். "வெட்டு சுத்தமா இருக்கு மாப்ள" என்றார். பிறகு சிப்பைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப பூட்டுதான் சாவிய ஞாபகம் வச்சுக்குது" என்றார். நான் ஒரு மணி நேரம் விளக்கியதைவிட அது தெளிவாக இருந்தது.

கம்பெனி சிப்தான் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நெதர்லாந்து, இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மூன்று ஆராய்ச்சியாளர்கள், மெகாமோஸ் என்ற சிப்பின் ரகசியக் கணக்கில் ஓட்டை இருப்பதை 2012இல் கண்டுபிடித்தார்கள். பல பெரிய கம்பெனிகளின் கார்களில் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பப்பட்ட சிப் அது. 2013இல் வோக்ஸ்வாகன் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்தக் கட்டுரை வெளிவராமல் தடை வாங்கியது. 2015இல்தான் அது வெளியானது. அதற்கும் முன்னால், 2005இலேயே, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் ஒரு சிப்பை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். அதன் ரகசிய எண் வெறும் 40 பிட் நீளம், கம்ப்யூட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடக்கூடிய அளவு. பழைய காரின் பாதுகாப்பு, அந்தக் காலத்தில் கம்பெனி தேர்ந்தெடுத்த சிப்பின் கணக்கு எவ்வளவு கெட்டியோ அவ்வளவுதான். இன்றைக்கு வெளியில் போடும் நல்ல சிப்பும் அதே கணக்கைத்தான் போடுகிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ரிமோட்டில் கதை வேறு. இங்கே நான் கம்பெனி பக்கம்தான். மதுரைக்காரர் போட்ட சாவியில் ரிமோட் கிடையாது, நான்தான் வேண்டாம் என்றேன். ஆனால் ரிமோட் ஆசையில் என் தம்பி ஆன்லைனில் ஒன்று வாங்கினான். அச்சு அசலாக அதே தோற்றம். மதுரையில் கொடுத்தபோது, கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு 315 மெகாஹெர்ட்ஸ் என்றார்கள். அமெரிக்கா, ஜப்பான் பக்கம் புழங்கும் அலைவரிசை அது. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் 433. என்ன செய்தாலும் அந்தக் கார் அந்த ரிமோட்டைக் கேட்கவே கேட்காது. பிறகு வாங்கிய இன்னொரு மலிவு ரிமோட் வேலை செய்தது, பத்து அடிக்குள் வந்தால். ஒரு மழைக்காலத்தில் ஓரம் வழியாக ஈரம் இறங்கிப் போயே போய்விட்டது. வெளி ரிமோட் எல்லாமே அப்படி என்று சொல்ல மாட்டேன், நல்லவையும் இருக்கின்றன. ஆனால் தகட்டை நகத்தால் தடவித் தரம் பார்ப்பது மாதிரி ரிமோட்டைப் பார்க்க நம்மால் முடியாது. பட்டனின் ரப்பர், ஓரங்களின் அடைப்பு, உள்ளே சாலிடர் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத சங்கதிகள். அங்கே கம்பெனிப் பெட்டிக்குக் கொடுக்கும் காசில் அர்த்தம் இருக்கிறது.

பட்டன் ஸ்டார்ட் கார்களுக்கு இன்னும் உறுதியாகவே சொல்வேன்: காசு பார்க்காமல் கம்பெனி சாவியே வாங்குங்கள். அங்கே சிப்பும் ரிமோட்டும் ஒன்றாகிவிடுகின்றன, சாவி பையிலிருந்தபடியே காரோடு பேசிக்கொண்டிருக்கிறது. கதவு, ஸ்டார்ட், ஸ்டியரிங் பூட்டு எல்லாம் அந்த ஒன்றை நம்பியே இருக்கின்றன.

சாவி உடைந்தது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் புதுச் சாவியே தேவைப்படாது. உடைந்திருப்பது மேல் கூடு மட்டும்தான். சில நூறு ரூபாயில் வெளிக் கூடு வாங்கி, பழைய பலகையையும் தகட்டையும் அதற்குள் மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய கூட்டைக் குப்பையில் போடுவதற்கு முன் சிப்பை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் கூட்டை மாற்றிவிட்டுப் பழையதைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார்கள். ரிமோட் வேலை செய்தது, கதவு திறந்தது, வண்டி மட்டும் கிளம்பவில்லை. தனியாகச் செருகியிருந்த அந்தக் கறுப்புத் துண்டு பழைய கூட்டோடு போய்விட்டிருந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் கம்பெனி சாவி ஒன்றை ஆர்டர் செய்தேன். காரணம் காப்பீடு. கார் திருடு போனால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் சாமான்களில் சாவிகளும் உண்டு, அதுவும் இரண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொன்று எங்கே என்று கேட்பார்கள். அலட்சியமாக வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனீர்களா என்ற சந்தேகம் வரும். அதனால் பழனியிலிருந்து திரும்பியதும் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் சீட்டு வாங்கினேன். சாவி தொலைந்ததையும், வெளியில் ஒரு சாவி போட்டதையும், தொலைந்ததை அழித்ததையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்தேன். மதுரைக்காரர் கொடுத்த ரசீதையும் இணைத்தேன். சாவிக்கென்று காப்பீட்டோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் தனி ஆட்-ஆன் பாலிசி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதைத் தொலைப்பதற்கு முன் எடுத்திருக்க வேண்டும். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் புதுக் காருக்கும் இதே புத்திதான். வெளியில் ஒருவர் ஓபிடியில் ஒயரை மாட்டினார் என்பதை நாளைக்கு ஒரு எலக்ட்ரிகல் கோளாறுக்குக் காரணமாகச் சொல்ல இடம் கொடுக்க வேண்டாம்.

9,400 ரூபாய் கொடுக்கும்போது வலித்தது உண்மை. இந்த விலைக்குப் பின்னால் ஒரு நீண்ட சண்டை இருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் தங்கள் சர்வீஸ் சென்டர்களுக்குள்ளேயே கார் கம்பெனிகள் அடைத்து வைத்திருக்கின்றன என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கம்பெனிகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மொத்த அபராதம் 2,544 கோடி ரூபாய். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தொடங்கிய இணையதளத்தில் வாகனத் துறையும் இருக்கிறது. ஆனால் பழனி அடிவாரத்தில் நிற்கிறவனுக்கு இன்றைக்கும் மதுரைக்காரர்தான் வழி. அவர் அந்தக் கருவியைத் தன் சொந்தக் காசில் வாங்கி, ஒவ்வொரு புது மாடலுக்கும் தானே கற்றுக்கொள்கிறார். ஆர்சி கேட்டு, நோட்டில் எழுதி, தொலைந்த சாவியை அழிக்கவா என்று கேட்கும் மனிதரின் தொழிலுக்கு நம் ஊரில் ஒரு பதிவு, ஒரு அடையாள அட்டை இருக்க வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக நினைக்கிறேன். அமெரிக்காவில் பின்னணி விசாரித்துப் பதிவு செய்த பூட்டுத் தொழிலாளர்களுக்குக் கார் கம்பெனிகளிடமிருந்தே சாவிக் குறியீடுகள் கிடைக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. நல்லவரையும் திருடனையும் பிரித்துக் காட்டும் அப்படி ஒரு கதவு இங்கே இல்லாததால்தான் எல்லோருக்கும் கள்ளச்சாவிக்காரர் என்ற ஒரே பெயர்.

கம்பெனி சாவி 18 நாளில் வந்தது. பதிவு செய்யப் போகும்போது வெளிச் சாவியையும் கையோடு கொண்டுபோனேன். "இதை அழிக்காமல் புதியதை மட்டும் சேருங்கள்" என்று வேலைச் சீட்டிலேயே எழுதச் சொன்னேன். செய்தார்கள். அன்றாடம் ஓட்டுவது வெளிச் சாவியில். கம்பெனி சாவி பீரோவில், காரின் மற்ற காகிதங்களோடு.

போன பொங்கலுக்கு முந்தின வாரம் எனக்குக் கார் விற்றவரிடமிருந்து போன் வந்தது. "சார், வெள்ளையடிக்கப் பரண்ல இருந்த டிரங்குப் பெட்டிய இறக்குனோம். உங்க கார் சாவி அதுலதான் இருக்கு!" குரலில் அவ்வளவு சந்தோஷம். கூரியரில் அனுப்பினார். கம்பெனி முத்திரை மங்காமல், நம்பர் தகடுகூடத் தொங்கிக்கொண்டு, தொழிற்சாலையிலிருந்து அந்தக் காரோடு வந்த அசல் சாவி. கொண்டுபோய்க் கதவில் விட்டேன், திறந்தது. இக்னீஷனில் விட்டுத் திருகினேன். செல்ஃப் சுற்றியது. மீட்டர் போர்டில் அதே சின்ன விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தது.

மதுரைக்காரருக்குப் போன் போட்டேன். "கொண்டு வாங்க சார், மறுபடி சேத்துரலாம். ரெண்டு சாவியையும் எடுத்துட்டு வாங்க, ஆர்சியும்" என்றார்.